துடுப்பு காணாமல் போன காலை

பைனா: ...கொப்பை ஆட்டாதய்யா! உன் கனத்துக்கு நானும் சேர்ந்து விழப்போறேன்.

குவாஷ்: நான் எங்க ஆட்டுனேன்? பீரங்கி ஆட்டுது. இந்தா... இந்தா, திரும்பவும்! மரத்துல தொங்குற பாசியெல்லாம் நடுங்குது பாரு.

பைனா: அம்மாடி... பல்லு கூசுது.

குவாஷ்: இடின்னா ஒண்ணு இடிச்சு ஓயும். இது ஓயவே மாட்டேங்குதே, பைனா. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது.

பைனா: கடல் பக்கம் என்ன தெரியுது? உனக்குத்தான் உயரக் கொப்பு.

குவாஷ்: புகை. புகைக்கு மேல பாய்மரம். வடக்கத்தியான் கப்பல் ஒண்ணு பின்னால ஒண்ணா வருது, கோட்டையைச் சுடுது, வளைஞ்சு போகுது, திரும்ப வருது. கரும்பாலையில கோவேறு கழுதை சுத்துமே, அந்த மாதிரி. நிக்கவே இல்ல.

பைனா: "இந்தக் கோட்டை மேல ஒரு கீறல் விழாது"ன்னு நேத்துதான் துரை பன்றித்தொடையை அறுத்துக்கிட்டே சொன்னாரு.

குவாஷ்: இப்ப எங்க அவரு? எனக்கு இலை மறைக்குது.

பைனா: படகுத்துறையில. தொப்பியைக் கழட்டித் தரையில அடிக்கிறாரு.

குவாஷ்: ...ம்.

பைனா: என்ன 'ம்'? வடக்கத்தியான் கையில சிக்காம தோட்டத்து அடிமைங்க அத்தனை பேரையும் படகுல ஏத்தி அக்கரைக்கு ஓட்டிட்டுப் போகத்தானே விடியக்காலையில கங்காணி மணி அடிச்சான்? படகு சும்மா கிடக்கு. இன்னும் ஏன் கிளம்பல?

குவாஷ்: துடுப்பைக் காணோமாம்.

பைனா: எந்தத் துடுப்பை?

குவாஷ்: ஒண்ணையுமே காணோமாம்.

பைனா: துடுப்புக்குக் கால் முளைச்சிருச்சோ? படகுல முதல் துடுப்பு போடுறவன் நீ. உனக்குத் தெரியாதா?

குவாஷ்: துரையும் இதையேதான் கேட்டாரு. தெரியாதுன்னேன். அவரு அந்தப் பக்கம் திரும்புனதும் உன்னை இழுத்துக்கிட்டு மரமேறிட்டேன்.

பைனா: சரி சரி. அடிக்கடி என்ன நம்ம ஜெபவீட்டுப் பக்கம் பார்க்குற?

குவாஷ்: நானா? ...கடவுளை நினைச்சேன்.

பைனா: நீயா! ஞாயித்துக்கிழமையே பாதியில குறட்டை விடுறவன்.

குவாஷ்: சும்மா இரு புள்ள. உப்பங்கழியைப் பாரு. தண்ணி வத்த ஆரம்பிச்சிருச்சு. இன்னும் கொஞ்ச நேரம் போனா வெறும் சேறு. அப்புறம் துடுப்பு கிடைச்சாலும் படகு அசையாது.

பைனா: நாம இங்கேயே இருந்துருவோம்.

குவாஷ்: இங்கேயே... ஐயோ.

பைனா: என்ன?

குவாஷ்: வண்டி. லாயத்துலேருந்து குதிரை வண்டியை இழுத்துட்டு வர்றாங்க, பாரு! தண்ணி வழி இல்லன்னா ரோட்டு வழி போகலாம்ல... வண்டியை நான் நினைக்கவே இல்லையே!

பைனா: போகட்டும். வண்டியில அவங்க வீட்டு ஆளுங்கதான் கொள்ளுவாங்க.

குவாஷ்: டைரா? பெரிய வீட்டுலல்ல இருக்கா! துரையம்மா காலடியில படுக்கிற பிள்ளை. முதுகு சொறியறதுக்கு அவளையும் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருவா. நான் இறங்குறேன்.

பைனா: உட்காரு.

குவாஷ்: உனக்கென்ன பைத்தியமா? நம்ம பிள்ளை, பைனா!

பைனா: நீ கீழே கால் வச்சா கங்காணி உன்னைக் கட்டி வச்சு, துடுப்பு எங்கன்னு உன் முதுகைக் கேப்பான். பிள்ளையும் வராது, நீயும் வரமாட்ட. உட்காருய்யா... இந்தச் சண்டை ஏன் வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?

குவாஷ்: இப்ப அதுவா முக்கியம்?

பைனா: ஏன்னு தெரியாமலே குண்டடி பட்டுச் சாகப்போறியா? எனக்குத் தெரியும். சோத்து மேஜைக்குப் பின்னால மயிலிறகு விசிறியோட ஈ ஓட்டிக்கிட்டு நிக்கிறேன்ல? ஈ ஓட்டுறவளுக்குக் காது இருக்கும்னு அவங்க ஒருத்தருக்கும் தோணுனதே இல்ல. எல்லாத்தையும் என் தலைக்கு மேலேயே பேசுவாங்க.

குவாஷ்: ...சொல்லித் தொலை. வண்டியைப் பார்த்துக்கிட்டே கேக்குறேன்.

பைனா: வாஷிங்டன்ல புது ஆளு தலைமைக்கு வந்தாருல்ல? அவரு நம்மளை விடுதலை பண்றேன்னு சொல்லலையாம்.

குவாஷ்: சொல்லலையா! அப்ப எதுக்கு இந்த வெடி?

பைனா: அடிமை இருக்கிற இடத்துல இருக்கட்டும், மேற்கே புது நிலத்துக்கு மட்டும் கொண்டுபோகக் கூடாதுன்னாராம். அம்புட்டுதான்.

குவாஷ்: அம்புட்டுக்கா நாட்டை உடைச்சாங்க? வேலித் தகராறுக்கு வீட்டைக் கொளுத்துன கதையால்ல இருக்கு!

பைனா: "வேலி இல்ல, நம்ம கழுத்துக்குக் கயிறு"ன்னாரு துரை. பருத்தி மண்ணைத் தின்னுரும். தின்ன மண்ணை விட்டுட்டுப் புது மண்ணுக்குப் போகணும். அங்க வேலை செய்ய இங்கேருந்து ஆள் விக்கணும்... நம்ம சைரஸை வித்த மாதிரி.

குவாஷ்: அவனை மேற்கேதான் கொண்டுபோனாங்க.

பைனா: ஆமா. பெத்த பிள்ளை எந்தப் பக்கம் போச்சோ அந்தப் பக்கத்தைப் பத்தித்தான் பேச்சு. என் கை அப்படியே நின்னுருச்சு. துரையம்மா சோத்துல ஈ உட்கார்ந்துருச்சு. கன்னத்துல வாங்கினேன்.

குவாஷ்: எங்கிட்ட நீ சொல்லவே இல்ல.

பைனா: சொல்லி? நீ போய் ஆத்தங்கரையில உட்கார்ந்துக்குவ.

குவாஷ்: சரி... மேற்கே விக்க முடியலன்னா என்ன? இங்க நாம இருக்கோமே அவங்களுக்கு.

பைனா: புது நிலம் ஒவ்வொண்ணும் ஒரு மாநிலமா ஆகுமாம். சட்டம் போடுற சபைக்கு ஆள் அனுப்புமாம். அடிமை இல்லாத மாநிலம் பெருகினா அந்தப் பக்கம் கை தூக்குறவனும் பெருகுவான். இன்னிக்கு மேற்கே வேண்டாம்பான், நாளைக்கு நம்ம கரோலினாவுலேயே வேண்டாம்பான். அதுக்கு முன்னால பிரிஞ்சுக்கிட்டாங்க. பிரிய விடமாட்டேன்னு வடக்கத்தியான் வந்துட்டான்.

குவாஷ்: அந்தச் சபைக்கு ஆள் எண்ணும்போது நம்மளை எண்ண மாட்டாங்கள்ல?

பைனா: எண்ணுவாங்களே! நம்ம அஞ்சு பேரை மூணு பேருன்னு எண்ணி, அதைக் காட்டித் துரைமாரு கூடுதல் இடம் வாங்கிக்கிறாங்க.

குவாஷ்: அப்ப நீயும் நானும் சேர்ந்தா?

பைனா: ஒரு ஆளும் கொஞ்சமும்.

குவாஷ்: அந்த ஆளு நான். கொஞ்சம் நீ.

பைனா: இறங்கு கீழே, பேசிக்குவோம்.

குவாஷ்: இப்பதானே இறங்காதன்ன! ...ஏ, பைனா, துரையம்மா தாழ்வாரத்துக்கு வந்துட்டா. வாயைத் திறந்து திறந்து மூடுறா. யாரையோ கூப்பிடுறா!

பைனா: யாரையோ.

குவாஷ்: இந்தச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழலையே... டைராவைத்தான். நான் போறேன்.

பைனா: கையை விடமாட்டேன். இன்னொண்ணு கேளு, ஓடிப்போறவங்களைப் பத்தி. உன் அண்ணன் ஓடினாருல்ல?

குவாஷ்: நெஞ்சு கல்லாடி உனக்கு? பிள்ளையை வண்டியில ஏத்தப் போறாங்க, நீ அண்ணன் கதை பேசுற!

பைனா: திட்டு. நல்லாத் திட்டு. ஆனா உட்கார்ந்துக்கிட்டுத் திட்டு. ஓடுறவங்க வடக்கே போய்ச் சேர்ந்தாலும், அங்க இருக்கிற வெள்ளைக்காரன் பிடிச்சுக் குடுக்கணும்னு சட்டம் போட்டாங்க. அதுவரைக்கும் அவனுக்கென்ன? நம்ம பருத்தியில சட்டை, நம்ம கரும்புல சர்க்கரை. கண்ணுல படாத பாவம். சட்டம் வந்தப்புறம், அவன் தெருவுல, அவன் வாசல்ல, பிள்ளையும் கையுமா ஒருத்தியை விலங்கு போட்டு இழுத்துட்டுப் போனாங்க. கூடச் சேர்ந்து இழுன்னு அவனையே கூப்பிட்டாங்க. அன்னிக்குத்தான் அங்க நிறையப் பேருக்குச் சோறு இறங்கலையாம்.

குவாஷ்: ...இதெல்லாம் துரை சொன்னாரா?

பைனா: பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. "அந்த ஓடுகாலிகளாலதான் இத்தனை வினை"ன்னாரு.

குவாஷ்: ஓடுகாலிகளாலயா...? எங்க அண்ணன் செருப்புகூட இல்லாமப் போனான், பைனா. காலுல ஒரு கோணிச் சாக்கைச் சுத்திக்கிட்டு. அந்தக் காலா... அந்தக் காலா இத்தனை கப்பலை இங்க கூட்டிட்டு வந்துச்சு?

பைனா: எனக்கும் அப்படித்தான்யா இருந்துச்சு. விசிறி கையில கனக்கல. நம்மளை ஒரு வார்த்தை யாரும் கேக்கல. ஆனா இவ்வளவு பெரிய தேசம் நம்மளைச் சுத்தித்தான் கிழிஞ்சிருக்கு.

குவாஷ்: நம்மளைச் சுத்தின்னு அவங்க ஒத்துக்குவாங்களா?

பைனா: வாயில வராது. மானம்பாங்க, மாநில உரிமைம்பாங்க, வரிம்பாங்க. ஒருநாள் விருந்துக்கு வந்த வயசான வைத்தியர் கேட்டாரு: "நாளைக்குக் காலையில இந்த ஆளுங்க யாருமே இல்லன்னா, நாம எதைப் பத்தி ஐயா சண்டை போடுவோம்?"

குவாஷ்: என்ன சொன்னாங்க?

பைனா: துரையம்மா என்னைப் பார்த்து, "பாயசத்தைக் கொண்டா"ன்னா.

குவாஷ்: ஹா... ஹா... மரம் ஆடுது, சிரிக்க வைக்காத. ...பைனா, வடக்கத்தியான் நம்மளைப் பிடிச்சு கியூபாவுக்கு வித்துருவான்னு துரை சொன்னாரே?

பைனா: நம்ம பிள்ளையை வித்தவன் சொல்றான், அடுத்தவன் வித்துருவான்னு.

குவாஷ்: அதுவும் சரிதான்... ஆனா வர்றவன் நமக்காக வரலையே. பிரிஞ்சவனைப் பிடிக்கத்தானே வர்றான்?

பைனா: எதுக்கு வந்தானோ. வந்துட்டான்ல?

குவாஷ்: ...ஷ்.

பைனா: என்ன?

குவாஷ்: கேளு.

பைனா: ஒண்ணும் கேக்கலையே.

குவாஷ்: அதைத்தான் கேளுன்னேன். நின்னுருச்சு.

பைனா: ...கடவுளே.

குவாஷ்: கோட்டைக் கம்பத்துல கொடி இல்ல, பைனா. இருந்த இடத்துல கொடி இல்ல! சிப்பாய்ங்க மணல்ல ஓடுறாங்க... நண்டு மாதிரி ஓடுறாங்க! பிறந்ததுலேருந்து இவங்க நடந்துதான் பார்த்திருக்கேன். ஓடிப் பார்த்ததே இல்ல.

பைனா: ஐயோ, எனக்கு அழுகை வருதுய்யா. ஏன்னே தெரியல.

குவாஷ்: வண்டி! வண்டி நகருது! துரை முன்னால, துரையம்மா, ரெண்டு பையங்க, பெட்டி, சுவர்க் கடிகாரம்... டைரா? டைரா எங்க? வண்டியில டைரா இல்ல!

பைனா: இல்லைல்ல? நல்லாப் பார்த்துச் சொல்லு.

குவாஷ்: இல்லவே இல்ல! பின்பக்கம்கூட இல்ல. வீட்டுலயும் யாரும் இல்ல, கதவு திறந்து கிடக்கு... பிள்ளையை என்ன செஞ்சாங்க? நீ ஏன் சிரிக்கிற? அழுதுக்கிட்டே ஏன்டி சிரிக்கிற?

பைனா: வண்டி திருப்பத்தைத் தாண்டிருச்சா?

குவாஷ்: தாண்டிருச்சு! கங்காணியும் பின்னாலேயே ஓடுறான்!

பைனா: அப்ப முதல்ல நீ சொல்லு. துடுப்பை எங்க ஒளிச்ச?

குவாஷ்: ...நான்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?

பைனா: சொல்லுய்யா.

குவாஷ்: ஜெபவீட்டுல. பலகைக்குக் கீழே, குழிக்குள்ள. நாம பாடுற சத்தம் வெளியே போகாம இருக்க வாசல்ல பானையைக் கவுத்து வைப்போமே, அது பக்கத்துலதான். லாயம், பருத்திக் கொட்டகை, நம்ம குடிசை எல்லாத்தையும் கிளறுவாங்க. அந்த வாசல்ல மட்டும் ஒரு வெள்ளைக்காரனும் இதுவரைக்கும் குனிஞ்சதில்ல. உங்கிட்ட சொல்லாததுக்குக் கோவிச்சுக்காத. நீ தூக்கத்துல உளறுவ.

பைனா: நீ முழிச்சுக்கிட்டே உளறுவ. சொல்லியிருந்தா நாளெல்லாம் அந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு இருந்திருப்ப. உன் கண்ணைப் பார்த்தே கங்காணி போய் எடுத்திருப்பான்.

குவாஷ்: எதைச் சொல்லியிருந்தா? எதை எடுத்திருப்பான்?

பைனா: மணி அடிக்கிறதுக்கு முன்னாலேயே, துரையம்மா காலடியிலேருந்து எழுப்பிக் கூட்டிட்டு வந்து, கையில ஒரு சக்கரவள்ளிக் கிழங்கைக் குடுத்து அந்தப் பலகையைத் தூக்கினேன்... உன் துடுப்பு மேலதான்யா உட்கார்ந்திருக்கா உன் மக.