ஜேசுரட்ணம் அண்ணையின் புறங்கை

இருபத்தாறு வருடமாக நம் ஆட்களுடன் வைத்தியர்களிடம் மொழிபெயர்க்கப் போகிறேன். ஒரு தேத்தண்ணிக்கு மேல் எவரிடமும் வாங்கியதில்லை. என் ஜெர்மன் அப்படியொன்றும் திறமில்லை. தலையாட்டுவதுதான் திறம்.

ஜேசுரட்ணம் அண்ணைக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து ஒன்பது வருடம். புறங்கையில் வந்த மரு ஆறாத புண்ணானது. தோல் வைத்தியர் ஒரு துண்டு வெட்டிச் சோதித்துவிட்டு, வரச்சொல்லிக் குறித்த அடுத்த டெர்மினில் சொன்னார்: தோல் புற்றுநோய், தொடக்கம்தான், வெட்டினால் சுகமாகும். சிறுநீரக மருந்து உடம்பின் எதிர்ப்பை அடக்குவதால் பாப்பிலோமா வைரசும் துணைபோயிருக்கலாம்.

புற்றுநோயோடு நிறுத்தியிருந்தால் அப்படியே சொல்லியிருப்பேன். யார் இவரிடம் வைரசின் பெயரைக் கேட்டது? என் மகளின் தடுப்பூசித் தாளில் அதைப் பார்த்திருக்கிறேன், படுக்கையால் தொற்றுவது. பக்கத்தில் அண்ணையின் மனைவி புஷ்பமலர் அக்கா, கையில் செபமாலையோடு.

"என்னவாம் தம்பி?"

"குளிருக்குத் தோல் வெடிச்சிருக்காம் அக்கா. கிறீம் பூசினால் காணும்."

"இதுக்கோ என்ரை கையைக் கொத்தினவர்?" என்றார் அண்ணை. "இறைச்சிக்கடைக்காரன்கூட எலும்பு பாத்துத்தான் வெட்டுவான்."

மூவரும் சிரித்தோம்.

சத்திரசிகிச்சை நடக்கவிருந்த ஆஸ்பத்திரியில் கம்சனா என்ற தமிழ்ப்பிள்ளை தாதி. அவள் வாய் திறந்தால் கதை கோவிலடியிலிருந்து ஊன்ட்றொப் அம்மன் தேர்த்திருவிழா வரை போகும். தொடர்பு எண் எப்போதும் என்னுடையதுதான். ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, அண்ணை வேறு ஊரில் வெட்டுவிக்கப் போகிறார் என்று டெர்மினை நிறுத்தினேன்.

எட்டு மாதத்தில் அண்ணையின் கக்கத்தில் கட்டி. வேறு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே காரில் கொண்டுபோனேன். அங்கே வைத்தியரிடம் வைரசைப் பற்றி மெல்லக் கேட்டேன். தோலில் வாழும் இந்த வகைக்கும் படுக்கைக்கும் சம்பந்தமில்லை, உங்கள் கையிலும் இருக்கலாம் என்றார். முதல் நாளே இதைக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் மொழிபெயர்க்க வந்தவன் விளங்கவில்லை என்று சொன்னால் பிறகு யார் கூப்பிடுவார்கள்?

பின்பு அவர் அண்ணையைப் பார்த்து, ஏன் சத்திரசிகிச்சையை நிறுத்தினீர்கள் என்று கேட்டார்.

"நோகுதோ எண்டு கேக்கிறார் அண்ணை."

"ஓம். சரியான நோ. தாங்க ஏலாது எண்டு சொல்லடாப்பா."

நான் வைத்தியரிடம் திரும்பி, பயந்துவிட்டாராம் என்றேன்.

அண்ணை பங்குனியில் செத்துப்போனார். நோயாளி பயத்தால் மறுத்தார் என்று கோப்பில் இருக்கிறது. கடைசிவரை அந்த மனிதனின் மானத்தைக் காப்பாற்றினேனே, அதை ஒருவரும் எழுதவில்லை.