பன்றி வெடிக்கு ஓடியவர்கள்

படார். இன்னொன்று. படார்.

ஓடுகிறேன். காப்பிச் செடிகளுக்குள் குனிந்து ஓடுகிறேன். இடுப்பில் பிள்ளை. பின்னால் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் வருகிறார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. சத்தம் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். இலங்கையில் பட்டுத் தெரிந்துகொண்டது. குப்புற விழுகிறேன். பிள்ளையை அடியில் போட்டு மூடிக்கொள்கிறேன்.

"ஏனுங்க! எந்திரிங்க! பன்னிக்கு வெடி போடறாங்க! ஊட்டுக்கு வாங்க சாமி!"

குப்பம்மா கத்துகிறாள். பக்கத்து லைன் வீட்டில் இருக்கும் எஸ்டேட் வேலைக்காரி. காட்டுப்பன்றியை விரட்ட வெடி போட்டிருக்கிறார்கள். ஏற்காட்டில் பிறந்த எவரும் அதற்கு ஓடமாட்டார்கள். நாங்கள் ஓடினோம்.

எண்பத்து மூன்று ஆடியில் நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து லயத்துக்குத் தீ வைத்தார்கள். மிஞ்சியவர்கள் கப்பலேறி வந்தோம். வீடு கிடைக்கும்வரை இருங்கள் என்று ஒரு பழைய காப்பிக் கிடங்கில் விட்டார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் சாக்குப் படுதா. குப்பம்மா விறகு தந்தாள். பஜார் கடைக்கார பாய் கம்பளி சுமந்து வந்தார். "குளுரு நொம்பங்க. பிள்ளைங்களுக்கு மொதல்ல போத்துங்க" என்றார். எனக்குப் போர்த்தப் பிள்ளை இல்லை.

படுதாவுக்கு அந்தப் பக்கம் புஷ்பம். அவளுக்குப் புருஷன் இருந்தான். மூன்று வயது மாலா இருந்தாள். முடிகூடக் கருகாமல் வந்து சேர்ந்திருந்தார்கள். பொறாமையில் என் வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது. அவள் காப்பிப் பழம் பறிக்கப் போனாள். நான் மாலாவைப் பார்த்துக்கொண்டேன். அவள் அரிசி கொண்டுவந்தாள். நான் எல்லாருக்கும் சேர்த்து உலை வைத்தேன். ஒருத்திக்கு ஒருத்தி எவ்வளவு ஒத்தாசை என்று கிடங்கே மெச்சியது. பிள்ளைக்கு ஊட்டும்போது மட்டும் நான் படுதாவை இழுத்துவிட்டுக்கொள்வேன்.

அன்று சாயங்காலம் புஷ்பமும் கிடங்கில்தான் இருந்தாள். வெடி கேட்டதும் மகளைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினாள். மாலா அவளைத் தாண்டி ஓடிவந்தாள். "அம்மா" என்று என் காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கிக்கொண்டு ஓடினேன்.

செடிக்குள்ளிருந்து எழுந்தால் எதிரே புஷ்பம். முழங்காலில் ரத்தம். பன்றியும் தெரியவில்லை, வெடியும் தெரியவில்லை அவளுக்கு. என்னையே பார்க்கிறாள். இத்தனை நாளும் நான் அவளைப் பார்த்த பார்வை அது.

"பிள்ளையத் தாங்கக்கா."

கொடுத்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அவளும் எரியட்டும் என்றிருந்தது.

மறுவாரம் தலைச்சோலைப் பக்கம் ஒரு லைன் வீடு காலியானது. பிள்ளைக்காரர்களுக்குத்தான் முதலில் என்றார் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர். புஷ்பம் அன்றே மூட்டை கட்டினாள். பாதி அரிசியை என் பக்கம் வைத்துவிட்டுப் போனாள். ஜீப் வளைவு திரும்பும்வரை மாலா என்னைக் கூப்பிட்டு அழுதாள். அப்புறம் புஷ்பம் அவளை என் கண்ணில் காட்டவே இல்லை.

கணக்கெடுக்க வந்த அதிகாரிகள் யார் யாரை இழந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். சொல்கிறேன். என் புருஷன். என் மகள் செல்வி. லயத்து அறை. ஒரு தையல் மெஷின். மாலா.

மாலா பெயரை மட்டும் பட்டியலில் அடித்துவிட்டார்கள். அவள் உயிரோடு இருக்கிறாளாம். அம்மாவோடு இருக்கிறாளாம்.