நாற்காலியை நகர்த்திய எங்கள் அக்காவுக்கு

செவிவழி நூல் ஊட்டிய செம்மையே! பார்வை இழந்தோர் இல்லங்களுக்குப் பல்லாயிரம் பக்கங்களைக் குரலாக்கி அனுப்பிய பதிவறைப் பேரரசியே! பேசும் நூலகத்தின் மூத்த ஒலிப்பதிவாளரே, எங்கள் அன்பு அக்காவே, வணக்கம்!

பணிநிறைவு விழா நாயகியின் நாற்காலியை மேடை நடுவில் போடாமல் சன்னல் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களே, இதென்ன மரியாதை என்று வந்தவர்கள் முணுமுணுப்பது எங்கள் காதிலும் விழுகிறது. சற்றே பொறுத்தருள்க, விவரம் வருகிறது.

பிசிறு தட்டாத பதிவும், பொறுமை தளராத பண்பும், தேநீர் ஆறி அவலாய்ப் போனாலும் ஒரு சொல்லைத் தேய விடாத கண்டிப்பும் தங்கள் அணிகலன்கள். ஆயினும் எங்கள் நெஞ்சில் முதலிடம் பிடித்தது, அந்தச் சின்னஞ்சிறு பதிவறையில் நடந்த ஒன்று.

இடிக்குரலார் என்று நாம் செல்லமாக அழைக்கும் வாசிப்பாளர் புதிதாகச் சேர்ந்த காலம். அவர் படித்ததைப் பதிந்தால், வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரே சுரம் மட்டும் வீங்கி, பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் உறுமியது. சுவரெங்கும் பஞ்சுமெத்தை ஒட்டினார்கள். குரலின் கூர்மைதான் மழுங்கியது, உறுமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மேலாளரும் வேறு வழி தெரியாமல், "வேற குரல் பாத்துக்கலாம்மா" என்றார். பிள்ளை பிறந்த கையோடு வேலை போகப்போகிறதே என்று இடிக்குரலார் வராந்தாவில் வாய் திறவாமல் நின்றார். அவர் சத்தமில்லாமல் இருந்து எவரும் கண்டது அன்று ஒருநாள்தான்.

தாங்களோ, "குரல் மேல குத்தம் சொல்லாதீங்க சார். உள்ள வாங்க, பாத்துடலாம்" என்று மேலாளரையே அழைத்துப் போனீர்கள். "தம்பி, அந்த வீங்குற சுரத்தை மட்டும் விடாம முனகு." கை கால் நீட்ட இடமில்லாத அறையில் மேலாளர் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு நடந்தார். சுவரோரம் முனகல் முழங்கியது, நடுவில் அடங்கியது, எதிர்ச்சுவரில் மறுபடி முழங்கியது. நம்பாமல் திரும்ப நடந்தார். நம்பிய பிறகும் ஆசைக்கு இன்னொரு முறை நடந்தார். இடிக்குரலாருக்கு மூச்சு முட்டிப்போயிற்று.

"மாயமெல்லாம் இல்ல சார். அதிர்வு வேகமா இருந்தா அலை குட்டையா இருக்கும், அதை மெத்தையே முழுங்கிடும். அதிர்வு மெதுவானா அலை நீளும், மெத்தைக்கு மசியாது. தம்பியோட அந்த அலையில பாதி, சரியா இந்த அறையோட நீளம். ரெண்டு சுவருக்கும் இடையில மாட்டிக்கிட்டு சுவரோரம் முட்டுது, நடுவுல அடங்குது. நாம ஆளையும் மைக்கையும் சுவரோரமா வச்சிருக்கோம்" என்றீர்கள். மேலாளரே நாற்காலியைத் தூக்கி நடுவில் போட்டார். இன்றுவரை நம் நேயர்கள் விரும்பிக் கேட்கும் குரல் அதுதான்.

காலம் சும்மா விடுமா? கூரிய ஒலிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் செவியைவிட்டு விலகின. மறைத்திருக்கலாம். தாங்கள் சாப்பாட்டு இடைவேளையில் எல்லார் முன்னும், "எனக்கு இப்பல்லாம் சகரம் சீறுதான்னே தெரியல. யாராவது பக்கத்துல உக்காந்து சொல்லுங்க" என்றீர்கள். முதலில் எழுந்தவர் இடிக்குரலார். அன்றுமுதல் கீச்சொலிகளுக்கெல்லாம் காவல் அந்தக் கனத்த குரல்காரர்தான். சீறல் வந்தால் அவர் விரலைத் தூக்குவார், தாங்கள் குமிழைத் திருகுவீர்கள்.

இம்மடலைப் படிக்க இருந்தவர் எங்கள் அறிவிப்பாளர் அம்மையார். அவரே தாளை இடிக்குரலாரிடம் நீட்டி, "என் கீச்சுக்குரல்ல அக்காவுக்குப் பாதி போய்ச் சேராது. நீங்க படிங்க" என்றார். ஆகவே நேற்று மாலை அவர் இந்த இடத்தில் நின்று முனகியும் படித்தும் காட்ட, நாங்கள் ஆளுக்கொரு பக்கமாகக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தோம். மேடை நடுவில் குரல் மெலிந்தது, சுவரோரம் வீங்கியது. இரண்டுக்கும் இடையே சொல் சொல்லாகத் தெளிந்து வந்த இடம் அந்தச் சன்னல் பக்கம் ஒன்றுதான். விழாவுக்கென்றே வந்திருக்கும் நம் பழைய மேலாளர், இந்த நாற்காலியையும் தாமே தூக்கிப் போட்டார்.

நோய் நொடி அண்டாமல், உறவும் நட்பும் சூழ, உறக்கமும் சிரிப்பும் குறையாமல் நெடுங்காலம் நலமாக இருங்கள். நாங்கள் எழுதியது இவ்வளவே. கடைசி வரி மட்டும் படிப்பவர் தாமே சேர்த்துக்கொண்டது:

கேக்குதா, அக்கா?

என்றும் தங்கள் அன்பில்,
பேசும் நூலகப் பணியாளர்கள்