கீழ்க் கோடு எவ்வளவு?

மருமகள்: மாமா! மொட்டை மாடியில டிஷ்கிட்ட இருந்து கத்துறேன், கேக்குதா?

மாமனார்: தெருவுக்கே கேக்குதும்மா. எதிர்வீட்டுக்காரர் எழுந்து நின்னுட்டார்.

மருமகள்: டிவியில ரெண்டு கோடு தெரியுதா? மேல் கோட்டை விடுங்க, அது சும்மா. கீழ்க் கோடுதான் முக்கியம். சேட்டிலைட் மாட்டுச்சான்னு அதுதான் சொல்லும். எவ்வளவு இருக்கு?

மாமனார்: கீழ்க் கோடா... அது... எழுபது!

மருமகள்: எழுபதா?

மாமனார்: எழுபத்திரண்டு. ஏறிக்கிட்டே போகுது. கைராசிக்காரி நீ!

மருமகள்: மாமா... நான் இன்னும் டிஷ்ல வயரையே மாட்டல.

மாமனார்: ...அப்படியா? அப்போ பாக்ஸ்தான் புளுகுது. ஓசியில சேனல் தர்ற பாக்ஸ், வேற என்ன செய்யும்!

மருமகள்: பாக்ஸா புளுகுது... சரி, மாட்டிட்டேன். இப்போ?

மாமனார்: இப்போ... எவ்வளவு இருந்தா உனக்குப் போதும்?

மருமகள்: பேரம் பேசாதீங்க மாமா! ரிமோட்ல கடைசி வரிசை, இடது ஓரப் பட்டனை அழுத்துங்க. பீப் பீப்னு சத்தம் வரும். சிக்னல் கூடக்கூட சத்தம் வேகமாகும்.

மாமனார்: இதை முதல்லயே சொல்லக் கூடாதா! ம்... திருப்பு. மெதுவா... மெதுவா... ஐயோ, தாண்டிட்டே! ஒரு நூல் பின்னாடி வா... நில்லு! அசையாதே! மூச்சுக்கூட விடாதே!

மருமகள்: மூச்சு விடாம போல்ட்டை எப்படி மாமா முறுக்குறது?

மாமனார்: முறுக்கிட்டு விடு!

மருமகள்: ...அப்பாடா, இறங்கி வந்துட்டேன். தள்ளி உக்காருங்க. ரிமோட்டைக் குடுங்க, சேனல் தேட விடுறேன்... அடேயப்பா, நூத்திப்பத்து! முதல் தடவையிலேயே!

மாமனார்: யார் காது? என் காதுல்ல!

மருமகள்: உங்க காதுதான், ஒத்துக்கிறேன். இருங்க, ஒண்ணு வைக்கிறேன்... ம், படம் எப்படி இருக்கு?

மாமனார்: பளிங்கும்மா, பளிங்கு! செய்தி வாசிக்குதே அந்தப் பொண்ணு, என்ன லட்சணம்!

மருமகள்: என்ன கலர் சட்டை?

மாமனார்: நீலம். காதுல சின்னதா ஒரு கம்மல் கூட...

மருமகள்: கம்மலுமா!

மாமனார்: ஏன், போடக் கூடாதா?

மருமகள்: மாமா... இது ரேடியோ சேனல். டிஷ்ல ரேடியோவும் வரும். திரையில வெறும் மலைப் படம் ஒண்ணு அசையாம நிக்குது. எத்தனை நாளாக் கண்ணு தெரியல?

மாமனார்: ...ஆறு மாசமா. வலது கண்ணு சுத்தமா இல்ல. இடதுல எல்லாம் புகை. நிறைய சேனல் இருந்தா காதால கேட்டே ஓட்டிடலாம்னு பார்த்தேன். ஆபரேஷன்னா எனக்கு... பயம்மா. உன் புருஷன்கிட்ட மட்டும் சொல்லிடாதே.

மருமகள்: அவர்தான் மாமா கண் டாக்டர்கிட்ட உங்க பேரைக் குடுத்திருக்கார். நாளைக்குக் காலையில பத்து மணி. உங்க வாயால உண்மையை எப்படி வரவைக்கிறதுன்னு ஒரு வாரமா ரெண்டு பேரும் முழிச்சோம்... வேணும்னேதான் ரேடியோவை வச்சேன்.