பெட்டியில ஹம்மிங் இல்ல

இல்லைங்க மேடம், அந்தச் சேர் வேணாம். இப்படி ஜன்னலுக்கு எதிர்ல வந்து உக்காருங்க, மொகத்துல வெளிச்சம் விழணும். மாஸ்க்கையும் கழட்டிடுங்க. தூசிதான், என்ன பண்றது, மூக்கண்டப்பள்ளில குடியிருந்துட்டு தூசிய பாத்தா ஆவுமா? ஆங், இப்ப சொல்லுங்க. வாய் தெரியுது.

ஆமாங்க, சென்றாயன் நாந்தான். யூனியன் செயலாளர். முன்னாள்னு போட்டுக்குங்க. இந்நாள்ல கம்பெனில யூனியனே கெடயாது, வெல்ஃபேர் கமிட்டின்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, ஆயுத பூஜைக்கு லட்டு குடுக்கறதுக்கு.

சத்தமா பேசறேனா? இருங்க, என் வீட்டுக்காரி நாராயணம்மா கையைக் காட்டுறா. உள்ளங்கைய கீழ அமுக்குனான்னா கொறைக்கணும்னு அர்த்தம். எனக்கு வால்யூம் அவ கையிலதான் இருக்குது.

கேஸ் உங்களுக்குத் தெரியும். இரும்புத் தகடை அடிச்சு அமுக்கற ப்ரெஸ் ஷாப்புல வேலை செஞ்சு காது போச்சு, நஷ்ட ஈடு குடுன்னு நாங்க அத்தனை பேரும் சேந்து போட்டது. மொதல் பேரு என்னுது. கம்பெனி வக்கீல் என்ன சொல்லிட்டாரு? இந்த மொதல் ஆளு வீட்ல உக்காந்து கிடார் ஆம்ப்ளிஃபயர் செஞ்சு பெங்களூர் பசங்களுக்குக் குடுக்கறாரு, அதுவும் பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு வெச்ச ஆம்ப், துளி ஹம்மிங் இல்லாத ஆம்ப், காது கேக்காதவரு அத எப்படிச் செய்வாருன்னு. ஒரு பையன் வீடியோல எனக்கு நன்றி சொல்லித் தொலைச்சிருக்கான், அதையும் போட்டுக் காட்டிட்டாங்க. ஜட்ஜ் நேர்ல பாத்துட்டு வாங்கன்னு உங்கள அனுப்பிட்டாரு. நான் பொய்யின்னு ஆயிட்டா எனக்குப் பின்னாடி நிக்கறவங்க அத்தனை பேரும் பொய்யி. அவ்வளவுதானே விசயம்? பாருங்க. நல்லாப் பாருங்க. மறைக்க ஒண்ணுமில்ல.

ஐயோ, அதத் தொடாதீங்க! கைய எடுங்க. ஸ்விட்ச் ஆஃப்லதான் இருக்குது, ஆனா இப்பத்தான் ஆஃப் பண்ணேன். இந்த டப்பா மாதிரி உருட்டையா நிக்குது பாருங்க, இதுங்கதான் கண்டன்சர். ஒயரையே புடுங்கிப் போட்டாலும் உள்ள வெச்சிருக்கற கரண்ட ஒடனே விடாது. வடியறதுக்கு ரெசிஸ்டர் போட்டிருக்கேன், கொஞ்சம் பொறுத்தா வடிஞ்சுடும். ஆனா நம்பிக் கைய வெக்கக் கூடாது. மீட்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான்.

எங்க படிச்சேனா? கோர்ஸ் எல்லாம் இல்லைங்க. நான் படிச்சது பூரா நோட்டீஸ். அடுத்தவன் அடிச்ச நோட்டீஸ படிச்சேன், அப்புறம் நானே எழுதுனேன். யூனியன் ஆபீஸ்ல கேட் மீட்டிங்குக்குன்னு ஒரு பழைய மைக் செட்டு இருந்துச்சு, கிருஷ்ணகிரி சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருத்தர் குடுத்தது, வால்வு செட்டு. வேலைய விட்டுத் தூக்குன அப்புறம் யூனியனும் போச்சு, செட்டு மட்டும் என்கிட்ட மிஞ்சுச்சு. வீட்ல சும்மா உக்காந்திருக்கறவன் எதையாவது பிரிப்பானா இல்லையா? பிரிச்சேன். பின்னாடித் தெருவுல பிரதாப்புன்னு ஒரு பையன், பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை, ஞாயித்துக்கிழமை கிடார். அவன் வந்து பாத்துட்டு, அண்ணா இத வெச்சு எனக்கு ஒரு கிடார் ஆம்ப் பண்ணுங்கன்னான். வீடியோல நன்றி சொன்ன புண்ணியவானும் அவன்தான்.

சரி, எப்படிச் செய்யறேன்னுதானே கேக்கறீங்க. சொல்றேன்.

வீட்டுக்கு வர்ற கரண்டு ஆடிக்கிட்டே வரும். வால்வுக்கு ஆடாத கரண்டு வேணும். நடுவுல நின்னு அத அடக்கறது இந்தக் கண்டன்சருங்க. தண்ணித் தொட்டி வரிசையா வெச்ச மாதிரின்னு நெனச்சுக்குங்க. மொதல் தொட்டில விழற தண்ணி கொந்தளிக்கும். அடுத்ததுல கொறையும். அதுக்கடுத்ததுல இன்னும் கொறையும். கடைசித் தொட்டி, கிடார் வந்து நொழையுதே அந்த வால்வுக்கு, அங்க தண்ணி அசையக் கூடாது. அசஞ்சா அதுதான் ஹம்மிங். உம்ம்ம்னு. கிடார்காரன் வாசிக்காம சும்மா நிக்கறப்பகூட உம்ம்ம்னு.

புரியுதுங்களா? தலைய ஆட்டாதீங்க, வாயத் தெறந்து சொல்லுங்க.

கண்டன்சருக்கு ரெண்டு கால். பிளஸ் காலை எல்லாரும் பத்திரமா பாத்துக்குவாங்க. கோளாறு பூரா மைனஸ் கால்ல. அது எங்க போயி எர்த் ஆவுதுங்கறதுலதான் இருக்குது. பிரதாப்புக்குச் செஞ்ச மொதல் ஆம்ப்ல நான் என்ன பண்ணேன்? ஒரே செம்புப் பட்டை, குறுக்கால. எல்லாக் கண்டன்சரையும் பக்கத்துப் பக்கத்துல நிறுத்தி எல்லா மைனஸ் காலையும் அதுலயே ஈயம் வெச்சுப் பத்த வெச்சேன். பாக்க மே தின ஊர்வலம் கணக்கா இருந்துச்சு. அதுல என்னா தப்பு இருக்க முடியும்? காலம் பூரா ஒன்று கூடுவோம் ஒன்று கூடுவோம்னு நோட்டீஸ் எழுதுனவன், கண்டன்சரை மட்டும் பிரிச்சு வெப்பேனா?

நாலாம் நாளே பிரதாப் பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்துட்டான். அண்ணா, ஹம் பர்தா இதேங்கறான். அவனுக்குப் பதட்டம் வந்தா கன்னடம் வந்துடும், வாய் வேற மாதிரி போவும், ரெண்டு தடவை சொல்ல வெச்சேன். ஹம்மிங் வருதாம். வரலடான்னேன். வருதுண்ணாங்கறான். நான் விடல. எனக்கு ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ போட்ட அப்புறமும் அப்படியேதான் இருந்துச்சு. ஒரு மாத்தமும் இல்ல. மாத்தம் இல்லைன்னா ஹம்மிங் இல்லைன்னுதானே அர்த்தம்? உனக்குக் காது சரியில்ல, போயி டாக்டரைப் பாருன்னு சொல்லிட்டேன். ஆமாங்க. நான். அவனுக்கு.

சிரிங்க, பரவால்ல. நாராயணம்மா இன்னும் சிரிக்கறா.

அதுக்கு அவன் என் கையப் புடிச்சு ஸ்பீக்கர் மேல வெச்சான். அந்த அட்டை இருக்குதே, கூம்பு மாதிரி, அதுல. யாரும் வாசிக்கல. கிடார் ஒயர்கூட மாட்டல. அட்டை நடுங்குது. மாட்டு ஒடம்புல ஈ உக்காந்தா தோல் மட்டும் ஆடுமே, அந்த மாதிரி.

அப்புறம் பட்டையப் புடுங்கிக் கடாசிட்டேன். இப்பப் பாருங்க, இந்த மொதல் கண்டன்சர், கொந்தளிக்கிற தொட்டி, இதோட மைனஸ் கால் யார்கூடயும் கலக்கறது இல்ல. நேரா டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்பிப் போவுது. அங்கிருந்து வந்த அழுக்கு அங்கயே போயிடணும். மத்ததுங்க எல்லாம் அதது வேலை செய்யற வால்வுக்குப் பக்கத்துலயே, அந்த வால்வோட எர்த்துலயே. கடைசியா, கிடார் நொழையற வாசல்ல மட்டும், ஒரே ஒரு எடத்துல, பெட்டியோட பாடில தொடுது. ஒற்றுமைன்னா எல்லாரையும் ஒரே பட்டைல பத்த வெக்கறது இல்லைங்க. இத நான் வேலைல இருக்கறப்பவே தெரிஞ்சுக்கிட்டு இருந்தா யூனியன் இன்னும் இருந்திருக்கும். அத எழுதாதீங்க.

ஆங்? என்னாங்க? இல்ல, நீங்க இப்ப ஒண்ணும் சொல்லல, தெரியும். நான் மீட்டர் எடுக்கத் திரும்புனப்ப பின்னாடி நின்னு சென்றாயன்னு கூப்பிட்டீங்க. நாராயணம்மா மொகம் காட்டிக் குடுத்துடுச்சு, அவளுக்கு எதையும் மறைக்க வராது. தப்பில்லைங்க, உங்க வேலை. திரும்பலன்னு எழுதுங்க. வேணும்னேதான் திரும்பலன்னு கம்பெனி வக்கீல் சொல்லுவாரு. திரும்பியிருந்தா பாத்தீங்களா கேட்டுச்சுன்னு சொல்லுவாரு. நல்ல தொழில்.

எப்படி இவ்வளவு சரளமா பேசறேன்னு ஒரு சந்தேகம் உங்களுக்கு இருக்குது. எல்லாருக்கும் இருக்குது. ப்ரெஸ் ஷாப்புல யாருங்க காதால பேசுனது? பெரிய ப்ரெஸ் எறங்குனா தரை குதிக்கும். வாயைப் பாத்துத்தான் அத்தனை பேச்சும். மேனேஜரைத் திட்டறதும் அப்படித்தான், சத்தமே இல்லாம, அவர் எதிர்லயே. தமிழு, கன்னடம், தெலுங்கு, மூணு வாயும் எனக்குப் புரியும். வடக்கத்திப் பசங்க வந்த அப்புறந்தான் கஷ்டமாச்சு, ஹிந்தி வாய் புடிபடவே இல்ல. காதுக்கு அடைப்பான் குடு, தடுப்புச் சுவர் கட்டுன்னு கேட்டோம். சத்தம் அளக்க இன்ஸ்பெக்ஷன் வர்ற அன்னிக்கெல்லாம் பெரிய ப்ரெஸ் மூணும் மெயின்டனன்ஸ்ல நிக்கும். கேட்ல நின்னு கத்துனேன். வெளிய அனுப்பிட்டாங்க. அன்னிக்கு ஜிந்தாபாத் போட்டவங்கள்ல இன்னிக்கு இந்தத் தெருவுக்கு வர்றது மாரிமுத்து ஒருத்தன்தான். அவனுக்கு என்னைவிடக் காது மோசம். ரெண்டு பேரும் பேசறதப் பாத்தா தெருவுல சண்டைன்னு நெனப்பாங்க.

சரி, இப்ப ஆன் பண்றேன். வால்வு சூடாவட்டும். செவக்குது பாருங்க. இப்ப ஸ்பீக்கர் மேல கைய வெங்க, பயப்படாதீங்க, அங்க ஒண்ணும் பண்ணாது. நடுங்குதா? இல்லையில்ல? நானும் இப்படித்தான் பாக்கறேன். கையி, மீட்டர், அவ்வளவுதான். காது கேக்கறவன் கண்டன்சரை எங்கயாவது சொருகிட்டு, ஹம்மிங் வந்தா இத ஆட்டி அத ஆட்டி, கேட்டுக் கேட்டு சரி பண்ணிக்குவான். எனக்கு அந்த வசதி இல்ல. வரிசை மொதல்லயே சரியா இருக்கணும். கம்பெனி கேட்ட கேள்விக்கு இதான் பதில். எழுதிக்கிட்டீங்களா? நல்லது.

கிளம்பறீங்களா? ஒரு நிமிசம். ஒண்ணே ஒண்ணு பண்ணிட்டுப் போங்க. வீட்டுக்கு வர்ற எல்லாரையும் கேப்பேன், பிரதாப்பை, மாரிமுத்து மவளை, கேஸ் சிலிண்டர் போட வர்றவரை. நாராயணம்மாகிட்ட கேட்டா எனக்காக எதையாவது சொல்லுவா, அதனால வெளி ஆளாத்தான் கேக்கணும். காதை ஸ்பீக்கர் பக்கத்துல வெங்க. இன்னும் கிட்ட. ஒண்ணும் இல்லையா? உம்முன்னு, லேசா? அதுவும் இல்லையா?

இப்ப ஆஃப் பண்றேன். ஃபேனையும் நிறுத்திட்டேன். இப்ப?

இப்பவும் இல்ல. சரி.

எனக்குக் காதுக்குள்ள அந்த உம்ம்ம் இருக்குதுங்க. ஆன் பண்ணாலும் ஆஃப் பண்ணாலும், படுத்தாலும் எந்திரிச்சாலும், ஒரே சுதில. ப்ரெஸ் ஷாப்ப விட்டு வந்தும் அது நிக்கல. மனுல இத எழுதல. டாக்டர்கிட்ட சொன்னதுக்கு, அத அளக்க மிசின் இல்லைன்னாரு. அளக்க முடியாதத கோர்ட்ல சொன்னா சிரிப்பாங்க, நான் சிரிக்க வெக்கறதுக்குக் கேஸ் போடல. மொதல் ஆம்ப்ல பிரதாப் சொன்ன ஹம்மிங் எனக்கு ஏன் தெரியலன்னா, ரெண்டும் ஒண்ணுபோலவே இருந்துச்சு. எது பெட்டி எது நான்னு பிரிக்க முடியல. அதுக்கப்புறந்தான் இந்தக் கண்டன்சர் வரிசைய இவ்வளவு பாத்துப் பாத்து வெக்கறேன்.

எழுதறீங்களா? எழுதுங்க, உங்க இஷ்டம்.

நெசமாவே ஒண்ணும் கேக்கலையில்ல? அப்படின்னா பெட்டி சரியா இருக்குது. மிச்சம் என்னுது.