தோளுக்கு மேல் அறுந்த கோடுகள்

தம்பிக்கு,

நேற்றிரவு மின்சாரம் போனபோது ஸ்டுடியோவின் பின்னறையில் நாங்கள் நான்கு பேர். வேன் டிரைவர் தரையில், சுவரில் சாய்ந்து. நர்ஸ் அக்கா நாற்காலியில். நான் வாசற்படியில். ஸ்டுடியோக்காரர் மட்டும் உட்காரவில்லை.

"உட்காருங்கண்ணே. நின்னா வாடகை குறையுமா?" என்றார் டிரைவர். ஸ்டுடியோக்காரர் சிரிக்கவில்லை.

நீ அவரிடம் வேலைக்குச் சேரப்போவதாக எழுதியிருந்தாய். அதனால் அவர் சொன்னதை வரிசை மாறாமல் எழுதுகிறேன்.

அவருடைய தங்கை வீட்டுக்காரர் வானிலை அலுவலகத்தில் மேகங்களைப் படமெடுப்பவர். பகலில் மேகம், அது உத்தியோகம். இரவில் நட்சத்திரம், அது கிறுக்கு. ஆறு வயது மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அலுவலக மொட்டைமாடியில் நிற்பார். "யானை வருதுப்பா" என்று மேகத்தைக் காட்டுவாள். காய்ச்சல் வந்து, அந்த வாரமே போய்விட்டாள்.

அப்புறம் ஒரு நள்ளிரவு. ஊருக்கு வெளியே குன்றுப் பாதை, ஆளரவம் கிடையாது. அதன் முடிவில் அந்த அலுவலகம். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஒரு மணி நேரம் ஷட்டரைத் திறந்தே விட்டிருக்கிறார். அப்படி எடுத்தால் நட்சத்திரம் ஒவ்வொன்றும் நகர்ந்து கோடு இழுக்கும். கேமராவின் முன்னால் அவரே அசையாமல் நின்றார். தனியாக.

"பிலிமை என்கிட்டதான் குடுத்தார். கழுவிப் பார்த்தேன்… கோடெல்லாம் ஒழுங்கா வருது. மாப்பிள்ளை தோளுக்கு மேல மட்டும் அறுந்து போச்சு. கறுப்பா ஒரு சின்னத் தலை. ரெண்டு கை… அவர் நெத்தியைப் பிடிச்ச மாதிரி."

அதன்பின் மாப்பிள்ளை மாடியைவிட்டு இறங்கவில்லை. சோறில்லை, தூக்கமில்லை. தங்கை வந்து இவர் காலைப் பிடித்தாள். "பொண்ணுதான் போயிட்டா. இவரையாவது கீழ இறக்குண்ணா."

போனார். மாப்பிள்ளையின் கால்கள் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை.

"மாப்ளே, இன்னைக்கு ராத்திரி நான் நிக்கிறேன். நீங்க படுங்க. அவ எங்கயும் போயிட மாட்டா."

நின்றார். ஷட்டர் திறந்த சத்தம்… 'டக்'. காற்றில்லை. கொஞ்ச நேரத்தில் காய்ச்சல் மருந்தின் இனிப்பு வாடை. பிறகு நெஞ்சில், குதிகால் படுகிற மாதிரி… டொக்… டொக்.

விடியலில் மாப்பிள்ளை எழுந்தார். தன் தோளைத் தடவிப் பார்த்தார். பாய்ந்து வந்து இவர் சட்டையைப் பிடித்தார். "குடுத்துடுங்க மச்சான்… என் புள்ளையைக் குடுத்துடுங்க."

"குடுக்கத்தான் பார்க்கிறேன்," என்றார் ஸ்டுடியோக்காரர். "தினம் ராத்திரி பக்கத்துல பக்கத்துல நிக்கிறோம். படத்துல அவர் தோளுக்கு மேல நட்சத்திரம் முழுசா இருக்கு. திரும்பிப் போக மாட்டேங்கிறா. எனக்குக் கழுத்தே போச்சு… படுத்தா அழறா."

அறையில் படம் கழுவும் திராவகத்தின் புளிப்பு வாடை. அதற்குள் இன்னொன்று, இனிப்பாக…

"இது குழந்தைங்களுக்குக் குடுக்கிற மருந்து," என்றார் நர்ஸ் அக்கா, மெதுவாக.

மின்சாரம் வந்தது. ஸ்டுடியோக்காரர் வெளியே கிளம்பினார். நான் எழுந்து வழிவிட்டேன். அவர் என் தோள் உயரம்கூட இல்லை என்பது உனக்குத் தெரியும். வாசல் நிலைக்கும் அவர் தலைக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். ஆனாலும் முதுகை வளைக்காமல், முழங்காலை மட்டும் மடக்கி, தாழ்ந்து கடந்தார்.

தெருவில் நின்று, உடம்போடு திரும்பினார்.

"உன் தம்பி எப்ப வர்றான்? தோள் அகலமான பையன்தானே?"

உனக்கு வேறு வேலை பார்க்கலாம். இதை மடித்து ஒட்டுகிறேன். விடிந்ததும் முதல் தபாலில் சேர்த்துவிடுவேன். நீ கிளம்புவதற்குள் கிடைக்க வேண்டும்.