பட்டியலில் முதல் ஊர்

– அதுக்கில்ல மேடம். உங்க பையனப் பத்தி நான் ஒரு குறையும் சொல்லல. தன்மையான பையன், வாத்தியார் வேலை, எங்க பாப்பாவும் டீச்சர். பொருத்தம்தான். நான் நேரா பேசறவன், மனசுல ஒண்ணு வெச்சுக்கிட்டு வெளில ஒண்ணு பேசத் தெரியாது. ஊர்தான் பிரச்சனை.

– ஊரா சார்?

– இந்த ஊர்தான். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.

– எடுத்துக்கல. கொஞ்சம் ஓரமா வாங்க, ஃபேன் அங்கதான் படும். மருந்து வாங்க வர்றவங்களும் நிக்கணும் பாருங்க. சம்பந்தம் பேச மெடிக்கல் ஷாப்புக்கு வந்த முதல் ஆள் நீங்கதான். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தா எங்க வீட்டுக்காரரும் இருந்திருப்பாரு. இப்ப அவரு ஃபேக்டரில இருக்காரு.

– சம்பந்தம் பேச வரல மேடம். வேண்டாம்னு சொல்ல வந்தேன். உங்க வீட்டுல உக்காந்து காபியும் குடிச்சிட்டு அதச் சொன்னா நல்லா இருக்காது.

– அதுவும் சரிதான். சொல்லுங்க.

– அந்தப் பத்திரிகைல வந்தத நீங்களும் பாத்திருப்பீங்க. இந்த நாட்டுல எந்தெந்த மாவட்டத்துல வாழ்ந்தா மனசு சோர்ந்து போகும்னு வரிசை போட்டிருக்காங்க. முதல் இடம் உங்களுது.

– பாத்தேன் சார். கடைக்கு வந்தவங்கல்லாம் கை குடுத்துட்டுப் போனாங்க. எதுலயாவது முதல்ல வந்தோமேன்னு.

– நீங்க சிரிக்கறீங்க. எங்களுது கடைசி. அதாவது, நாட்டுலயே சந்தோஷமான ஊர்னு அர்த்தம். எங்க லாட்ஜ் வாசல்ல பேனரே கட்டிட்டேன். பால்கனில நின்னா எதிர்ல கடல். பாப்பா அந்தக் காத்துல வளந்த பொண்ணு. அவளக் கொண்டு வந்து இந்த சிமெண்ட் தூசில எப்படி விடுவேன்?

– தூசி இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். வெள்ளைத் துணிய வெளில காயப்போட்டா பழுப்பாத்தான் எடுக்கணும். நாங்கல்லாம் வீட்டுக்குள்ளதான் கொடி கட்டியிருக்கோம்.

– பாத்தீங்களா, நீங்களே சொல்றீங்க. வர்ற வழில பாத்துக்கிட்டே வந்தேன். ஒரு தியேட்டர், வாசல்ல பூட்டு. ஒரு பார்க், அதுல ஊஞ்சல் சங்கிலி மட்டும் தொங்குது, பலகையக் காணோம்.

– பலகைய மாத்தறதுக்காக எடுத்துட்டுப் போயிருக்காங்க.

– எப்போ?

– என் பையன் எட்டாவது படிக்கறப்போ.

– மேடம், நான் விளையாட்டாப் பேசல.

– எனக்கும் விளையாட்டு இல்ல சார், ஆனா அழுதுக்கிட்டே சொன்னா மட்டும் பலகை வந்துருமா? அது இருக்கட்டும். அந்தப் பத்திரிகைக்காரரு இங்க வந்திருந்தாரு. அன்னிக்குக் காலைல ஒரே மூட்டம். தெருத் தெருவா நின்னு போட்டோ எடுத்தாரு. மத்தியானம் நல்ல வெயில் அடிச்சுது. கேமராவப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டாரு.

– போட்டோவ விடுங்க. கணக்குன்னு ஒண்ணு இருக்கே. மனசு சரியில்லாதவங்க சாப்பிடற மாத்திரை, எந்த மாவட்டத்துல தலைக்கு எவ்வளவு விக்குதுன்னு எடுத்துத்தான் வரிசை போட்டிருக்காங்க. உங்க ஊர்லதான் ரொம்ப ஜாஸ்தி. வித்தவங்க நீங்க. நீங்களே சொல்லுங்க, பொய்யா?

– பொய் இல்ல. நிறையத்தான் விக்குது.

– அப்புறம் என்ன?

– ஒரு நிமிஷம் சார், ஆள் வந்திருக்காங்க. வாங்க தம்பி. அதே மாத்திரைதானா? சீட்டக் குடுங்க. ஒரு மாசத்துக்குப் போதும். நல்லா ஆயிட்டேன்னு நீங்களா நிறுத்திடக் கூடாது, டாக்டர் சொல்லணும். சரியா? வண்டிய மெதுவா ஓட்டிட்டுப் போங்க. ம், சொல்லுங்க சார்.

– அந்த ஆளு ஹெல்மெட்டக் கழட்டாமலே மருந்து வாங்கிட்டுப் போறான்?

– அவசரமா இருக்கும்.

– வண்டி நம்பர் எங்க ஊரு நம்பர் மாதிரி இருந்துது.

– நான் வண்டி நம்பரெல்லாம் பாக்கறதில்ல சார்.

– சரி, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இத்தன வருஷமா கடை வெச்சிருக்கீங்க. நாலு பேர் கஷ்டம் காதுல விழுந்திருக்கும். உங்கள மாதிரி ஆளே சொல்லுங்க, எந்த ஊர்ல இருந்தா மனுஷனுக்கு மனசு விட்டுப்போகும்?

– அத எப்படி சார் சொல்றது. மலைல இருக்கறவங்களுக்கு வெயிலே இல்லன்னு குறை. அந்தப் பக்கம் வறண்ட சீமைல வெயிலத் தவிர ஒண்ணுமே இல்லன்னு குறை. என் தங்கச்சி தலைநகரத்துல பதினோராவது மாடில இருக்கா. லிஃப்ட்ல தெனமும் ஒரே ஆளப் பாக்கறாளாம், இன்னும் ஒரு வார்த்தை பேசினதில்ல. அவளுக்கு அதுதான் பாரம். ஊரப் பாத்து மட்டும் வர்றதில்ல சார் அது.

– ஊருன்னு ஒண்ணு இருக்குல்ல மேடம். காலைல எந்திரிச்சதும் கண்ணுல எது படுதோ அதுதான மனசு. அதனாலதான் நான் எங்க ஊர்ல யாரையும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க விடறதில்ல. வேலைக்கு நிக்கற பசங்ககிட்டயும் சொல்லிருவேன், வீட்டுலயும் சொல்லிருவேன்.

– வீட்டுலன்னதும்தான் கேக்கறேன். உங்க வீட்டம்மா வரலயா?

– கார்லதான் இருக்கா. இறங்க மாட்டேங்கறா. இந்தத் தெருவுக்குள்ள திரும்பினதுலேர்ந்து மூஞ்சியே சரியில்ல. அவளுக்கும் ஊரு பிடிக்கல போல.

– வெயில்ல உக்கார வெச்சிருக்கீங்களே சார். கூப்பிடுங்க.

– கூப்பிட வேண்டாம், அவளே வர்றா. என்னம்மா?

– பின்னாடி லாரி நிக்குதுங்க. வழி விடச் சொல்லி ஹாரன் அடிச்சிக்கிட்டே இருக்கான்.

– அடிக்கட்டும், ஒரு நிமிஷம். மேடம், இவதான் பாப்பாவோட அம்மா. இவங்கதான் பையனோட அம்மா.

– வணக்கம்ங்க.

– வணக்கம். உள்ள வாங்க. எங்க ஊருக்கு முதல் தடவையா?

– ஆமாங்க. ஏங்க, அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, ஒரு கால் ஆடும்.

– உனக்கு எப்படித் தெரியும்?

– பாத்தாலே தெரியுது. நீங்க போய் முதல்ல காரை எடுங்க. லாரிக்காரன் இறங்கி வர்றான் பாருங்க.

– சரி சரி. நீ பேசிட்டு இரு. நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். ஓரமாப் போட்டுட்டு வந்துடறேன்.

– போயிட்டாரா?

– போயிட்டாரு அக்கா.

– நீ எதுக்கும்மா இங்க வந்த?

– உங்க பையன்தான்னு எனக்கு எப்படித் தெரியும்? பையனோட அம்மா மருந்துக்கடை வெச்சிருக்காங்கன்னு பாப்பா சொன்னா. இவ்வளவு பெரிய ஊர்ல எத்தனையோ கடை இருக்கும்னு இருந்துட்டேன். கார் இந்தத் தெருவுல திரும்பினதும்தான் புரிஞ்சுது.

– எனக்கு லேசாத் தட்டுச்சு. உன் பொண்ணு எங்க வீட்டுக்கு வந்தன்னிக்கு, அண்ணன் கடல்ல போயிட்டான்னு சொன்னா. அப்பவே உன் மூஞ்சிதான் ஞாபகம் வந்துது. நான் கேட்டுக்கல.

– அவ உங்க வீட்டுல அவனப் பத்திப் பேசினாளா?

– பேசினா. எங்க வீட்டுக்காரர் எதிர்ல உக்காந்து முழுசாக் கேட்டாரு. அழுதா. அழுது முடிச்சிட்டு ரெண்டு தட்டு சாப்பிட்டா.

– எங்ககிட்ட அவ ஒரு வார்த்தை பேசறதில்ல அக்கா. பேசறதில்லன்னா, பேச விடறதில்ல. பெரியவன் போனதிலேர்ந்து வீட்டுல அவன் பேரையே யாரும் எடுக்கறதில்ல. அவன் முங்கின இடம் எங்க லாட்ஜ் முன் பக்கத்து ரூமுக்கு நேர் எதிர்லதான். வர்றவங்கல்லாம் அந்த ரூமத்தான் முதல்ல கேக்கறாங்க. கடல் நல்லாத் தெரியும்னு. இவரு சிரிச்சுக்கிட்டே சாவியக் குடுப்பாரு. எப்படி முடியுதுன்னு பாத்துக்கிட்டு நிப்பேன்.

– மாத்திரை விடாமப் போடறியா?

– போடறேன். முன்ன எல்லாம் அலைச் சத்தம் கேட்டாலே எந்திரிச்சு உக்காந்துருவேன். இப்ப ஜன்னலத் திறந்து வெச்சுத் தூங்க முடியுது.

– அவருக்குத் தெரியுமா?

– சத்து மாத்திரைன்னு சொல்லியிருக்கேன். மாசம் ஒரு தடவ எங்க அத்தை பொண்ணப் பாத்துட்டு வர்றேன்னு பஸ் ஏறறேன். எங்க ஊர்ல வாங்க முடியுமா அக்கா? கடைக்காரரு எங்க லாட்ஜுக்கு எதிர் வரிசை. சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா தெரிஞ்சுரும்.

– தெரிஞ்சா என்ன பண்ணிருவாரு?

– கோவப்பட மாட்டாரு. அவரு அப்படிப்பட்ட ஆள் இல்ல. இவ்வளவு நல்ல ஊர்ல இருந்துக்கிட்டு உனக்கு என்ன குறைன்னு கேப்பாரு.

– இங்க பாரு. நான் வாயத் திறக்க மாட்டேன், அது என் தொழில். என் பையனுக்காக நீயும் எதையும் போட்டு உடைக்க வேண்டாம். கல்யாணம் இப்ப நடக்கலன்னா போகட்டும். அதுங்க ரெண்டும் பொறுத்திருக்கும், இல்ல வேற ஊர் பாத்துக்கும்.

– பாப்பா வேற ஊர் வேண்டாம்ங்கறா. நான் கேட்டேன், அப்படி என்னடி இருக்கு அந்த ஊர்லன்னு. அங்க என்னய யாரும் சிரிச்ச மூஞ்சியா இரு, சிரிச்ச மூஞ்சியா இருன்னு சொல்லலம்மான்னா.

– கண்ணத் துடைச்சுக்கோ. வர்றாரு.

– அப்பாடா. அந்த லாரிக்காரன் என்ன சொல்றான் தெரியுமா மேடம்? முதல் இடத்துல நிறுத்தறதுக்கு இடம் கிடைக்கறது கஷ்டம்தான் சார்ங்கறான். ஊரே இத வெச்சு சிரிக்குது போல.

– வேற என்ன சார் பண்றது.

– சரி, நாங்க கிளம்பறோம். பையன்கிட்ட நான் சொன்னதா சொல்லிருங்க. இங்கிருந்து மாத்தல் வாங்கிக்கிட்டு எங்க பக்கம் வர்றதா இருந்தா நாளைக்கே நிச்சயம் பண்ணிக்கலாம், எனக்கு மறுப்பே இல்ல. லாட்ஜ் மேல ஒரு மாடி எடுத்துத் தர்றேன். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க மேடம். நானும் ஒரு தகப்பன். இருக்கறது ஒண்ணு. அத வெளிச்சத்துல வெச்சுக்கணும்னு பாக்கறேன்.

– ஏங்க, என்ன சொன்னீங்க?

– என்ன சொன்னேன்?

– இருக்கறது ஒண்ணுன்னீங்க. பெரியவன் போன மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் உங்க வாயிலேர்ந்து அந்த வார்த்தை வருது.

– வாம்மா, கார்ல போய்ப் பேசிக்கலாம்.

– கார்ல பாட்டு போடுவீங்க.

– அம்மா, அவசரப்படாதீங்க. நான் சொன்னத நெனச்சுக்கோங்க.

– இல்ல அக்கா. உங்க பையனுக்காக இல்ல. எனக்காகத்தான்.

– அக்காவா? இவங்கள உனக்கு முன்னாடியே தெரியுமா?

– தெரியும்ங்க. கணக்கு எடுத்துத்தான் வரிசை போட்டிருக்காங்கன்னு நேத்துலேர்ந்து சொல்லிட்டே இருக்கீங்களே. அந்தக் கணக்குல நானும் ஒருத்தி.

– எந்தக் கணக்குல?

– இந்த ஊர்ல விக்கற மாத்திரைக் கணக்குல. அத்தை பொண்ணு வீட்டுக்குன்னு நான் பஸ் ஏறினதெல்லாம் இங்கதான். நான் சாப்பிடறது சத்து மாத்திரை இல்ல. என்ன வேணும்னாலும் சொல்லுங்க, என்ன குறைன்னு மட்டும் கேக்காதீங்க.

– சார், அப்படியே நிக்காதீங்க. இந்த நாற்காலில உக்காருங்க. கடைல இப்ப வேற யாரும் இல்ல. கொஞ்சம் தண்ணி குடிங்க.

– ஏங்க, திட்டறதா இருந்தாலும் திட்டிருங்க.

– நீ மட்டும்தான் வந்தியா? தனியாவா? அவ்வளவு தூரம்?

– தனியாத்தான். ஜன்னல் சீட்டா பாத்து உக்காந்துப்பேன். வர்ற வழி பூரா அவன நெனச்சுக்கிட்டே வரலாம். யாரும் என்னன்னு கேக்க மாட்டாங்க.

– எனக்குத் தெரியாமப் போச்சே.

– நான் தெரிய விடல.

– மேடம்.

– சொல்லுங்க சார்.

– எனக்கும் போன வருஷமே ஒரு டாக்டர் இந்த மாதிரி மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு, எங்க ஊர்ல எந்தக் கடைல போய் நின்னு கேக்கறதுன்னு தெரியாம நான் இன்னும் வாங்கவே இல்ல.